நிலாவிலிருந்து மாரமங்கலத்துக்குப் பஸ்

ஆகஸ்ட் பதினைந்து, காலை ஆறரை மணி. சேலம் பஸ் நிலையத்தில் ஏற்காடு வண்டியின் முகப்பில் இரண்டு கொடிகள் கட்டியிருந்தார்கள். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் பஸ்ஸிலிருந்த குழந்தைகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். பதினைந்துக்கு மேல் நானும் சேர்ந்துகொண்டேன்.

என்னோடு கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த சுதா, ஏற்காட்டைத் தாண்டி மலைமேல் இருக்கும் மாரமங்கலத்துக்காரி. சுதந்திர தின விழாவில் அவள் நாடகம் போடுகிறாள். "வரலைன்னா பேச மாட்டேன்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

எட்டேகால். ஏற்காடு ஏரியின்மேல் பனி இன்னும் விலகவில்லை. கடைத்தெருவில் டீ பதினைந்து ரூபாய், மிளகாய் பஜ்ஜி பத்து. ஒலிபெருக்கியில் நாட்டைப் பற்றிய சினிமாப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எனக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்டால் புல்லரிக்கும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் அப்பா அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என்னை எம்.ஏ. வரை கொண்டுவந்தவை அரசுப் பள்ளியும் சத்துணவும் இலவச சைக்கிளும்தான். நாட்டைக் கிண்டல் செய்து யாராவது மீம் போட்டால், அதன் கீழேயே போய்ச் சண்டை போடுகிறவள் நான்.

மாரமங்கலம் பஸ் போய்விட்டது. ஜீப்பில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். டிரைவரிடம், "உங்க வண்டிக்குக் கொடி கட்டலீங்களாண்ணா?" என்றேன்.

"பின்னால ஸ்டெப்னி மேல கட்டியிருக்குதுங்க. முன்னால கட்டுனா ரோடு தெரியறதில்லீங்க."

"தெரியாம இருந்தா நொம்ப நிம்மதியாப் போச்சு" என்றார் பின்னால் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த பெண். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பும் கொஞ்சம் கோபமும் வந்தன.

"நம்ம சனம் அப்படித்தானுங்க" என்றார் டிரைவர். "ரோடு நல்லா இருந்தா நம்ம நாடும்பாங்க. பள்ளம் வந்தா இந்த நாடும்பாங்க."

மாரமங்கலம் போய்ச் சேர்வதற்குள் 'இந்த நாடு' ஏழு முறை காதில் விழுந்தது.

பத்து மணி. பள்ளி மைதானத்தின் ஓரம் ஒரு சில்வர் ஓக் மரம். மிளகு பறிக்க மரமேறும் ஒற்றை மூங்கில் ஏணியை வெள்ளித்தாள் சுற்றி அதன்மேல் சாய்த்திருந்தார்கள். அதுதான் ராக்கெட். உச்சியில் கட்டுவதற்காக ஒரு கூடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள் சுதாவின் தங்கை கௌரி. அதுதான் நிலா.

கதை சின்னது. மலைக்காட்டுப் பெண் ஒருத்தி நிலாவுக்குப் போகிறாள், கொடி நடுகிறாள். பிறகு கீழே பார்த்து, வீட்டுக்குத் திரும்பிப் போகச் சாயங்காலம் பஸ் உண்டா என்று கேட்கிறாள்.

அந்தக் கடைசி வரிதான் சிக்கல். ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ் மூன்றரைக்கே புறப்பட்டுவிடுகிறது. கௌரி அங்கே பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பாதி நாள் ஜீப்பும் கிடைப்பதில்லை. தீபாவளிக்குள் பஸ் வராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். பஸ் விஷயம் பார்க்கும் அதிகாரிதான் இன்றைக்குச் சிறப்பு விருந்தினர்.

விழாக் குழுத் தலைவர் பெரியண்ணன் ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவர் சுதாவிடம் கெஞ்சினார். "கண்ணு, அந்தப் பேச்சை மட்டும் எடுத்துரு சாமி. நாட்டோட பொறந்த நாள்ல நாட்டையே கேலி பண்ணிப்போட்டு, அப்புறம் மனுவ நீட்டுனா வாங்குவாரா?"

சுதா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"எடுத்துருடி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"மூணு வருசமா மனு எழுதறது நான்தான். எல்லாத்துலயும் 'பணிவுடன்'னு போட்டேன். இதையாவது கேட்டு ஒருத்தராவது சிரிக்கட்டுமேன்னு பாத்தேன்." தங்கையை ஒருமுறை பார்த்தாள். "சரி, எடுத்தாச்சு. போதுமா?"

பதினொன்றரை. மைதானம் நிறைந்திருந்தது. தலையில் ஈயச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு சுதா ஏணியில் ஏறினாள். இரண்டு பேர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார்கள். பன்னிரண்டடி உயரத்தில் கூடைக்குள் கொடியைச் செருகினாள். காற்றில் கொடி விரிந்தது.

யாரும் எதிர்பாராதது அப்போது நடந்தது. கொடி ஏறினால் எழுந்து பாட வேண்டும் என்று பழகிய முன்வரிசைக் குழந்தைகள் சட்டென்று எழுந்து தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அதிகாரி எழுந்தார், ஊரே எழுந்தது. ஏணியைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டு விறைப்பாக நின்றார்கள்! கௌரி மட்டும் ஓடிப்போய் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடினாள். மேலே சுதா ஒற்றைக் கையால் கிளையைப் பற்றி, சட்டி மூக்குவரை சரிய, அசையாமல் நின்றாள். ஐம்பத்திரண்டு விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாடிக்கொண்டே அழுதேன், சிரித்தேன்.

பாட்டு முடிந்தது. யாரும் உட்காரவில்லை. சுதா சட்டியைத் தூக்கிவிட்டுக் கீழே ஏணியைக் கட்டிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தாள். சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க! நிலாவுக்கு வந்து சேந்துட்டனுங்க. ஊட்டுக்குத் திரும்பிப் போகச் சாயங்காலம் பஸ் இருக்குதுங்களா?"

அதிகாரியின் சிரிப்புத்தான் முதலில் வெடித்தது. "இல்லீங்கம்மா, நீங்க மொதல்ல எறங்கி வாங்க. பேசலாம்!" மைதானம் அதிர்ந்தது. பலாப்பழக்காரப் பெண் விசிலே அடித்தார்.

ஒரு மணி. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டபடியே அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். "ஒரு மாசம் ஓட்டிப் பாக்கறோம். ஆள் ஏறலைன்னா நிறுத்திருவோம். அஞ்சு மணிக்குன்னு போடட்டுமா?"

பெரியண்ணன் அவசரமாகத் தலையாட்டினார். கௌரி முன்னால் வந்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு. "அஞ்சு வேண்டாங்க சார். ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணிக்குத்தான் முடியுதுங்க. ஆறேகால்னு போடுங்க." அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

மூன்று மணிக்கு ஜீப் ஏறினேன். "தப்பாச் சொல்லிட்டேன்டி" என்றேன். "தெரியும். அடுத்த வருசம் நீ ஏறு, நான் ஏணியப் புடிக்கறேன்" என்றாள் சுதா.

எங்கள் ஊரில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்தே அப்படித்தான். கேட்காமலே நாடு கொடுத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி இப்படி ஏறி நின்று கேட்டிருப்பாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக விசாரிக்க வேண்டும்.