நெருப்புத் தெரியாத அடுப்பு

எங்கள் புது வீட்டுக் குசினியில் எந்த அடுப்பு வைப்பது என்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் அந்த வருடம் கப்பல்துறையில் இருக்கவில்லை. சுவர் கட்டிய மேசன் சொன்னார். தண்ணீர்க் குழாய் பூட்ட வந்தவர் சொன்னார். எங்களோடு கதை பேச்சு இல்லாத பின்வளவுக்காரர்கூட வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுப்பில் சமைக்கப் போகிறவரும் தன் விருப்பத்தைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் அவர் ஓர் அரபு நாட்டில் இருந்தார். தொலைபேசியில் சொன்னார். அதுவும் ஒன்பது வயதுப் பிள்ளையான என்னிடம் சொன்னார்.

அவர் என் அம்மா. வீடு கட்டுவதற்கென்றே வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனவர். அப்பா துறைமுகத்தில் சீமெந்து ஏற்றுகிற லொறி ஓடினார். அப்பாவின் அக்கா, அதாவது என் மாமி, எங்களோடு இருந்து சமைத்துப் போட்டார். அம்மாவின் தம்பியான மாமா பட்டணத்தில் ஃபேன், ரீவி விற்கிற கடையொன்றில் வேலை செய்தார். நாங்கள் நாலு பேரும் தகரக் கொட்டிலில் இருந்தபடி, அதே வளவில் புது வீடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குசினிதான் கடைசி வேலை. "குசினி முடிஞ்ச உடன வாறன். வந்தா பிறகு போகமாட்டன், பிள்ளை" என்று அம்மா எனக்கு வாக்குத் தந்திருந்தார். அதனால் அந்தக் குசினி எப்போது முடியும் என்பதில் என்னளவு அவசரப்பட்டவர் யாருமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஃபோன் எடுத்தார். முன்பெல்லாம் முகம் தெரியத்தான் கதைப்பார். கொஞ்சக் காலமாகக் குரல் மட்டும்தான். ஃபோன் விழுந்து கமரா உடைந்துவிட்டது என்றார்.

"அப்பாட்ட வடிவாச் சொல்லு. அடுப்பில நெருப்பு வெளியில தெரியக்கூடாது. கண்ணாடித் தட்டு மாதிரி ஒண்டு இருக்கு, கரண்டில வேலை செய்யும், சட்டி மட்டும்தான் சுடும். அதுதான் வேணும். ஓவன் கீழ வைக்க வேண்டாம். சுவருக்குள்ள, நெஞ்சளவு உயரத்தில வைக்கச் சொல்லு. குனிஞ்சு தலையை உள்ளுக்கு விடத் தேவையில்லாத மாதிரி."

"வேற?"

"குசினியால நேர வெளிய போக ஒரு கதவு வேணும். அதுக்குப் பூட்டு வேண்டாம்."

இரவுச் சாப்பாட்டின்போது இதை நான் தேவாரம்போல ஒப்புவித்தேன். மாமிதான் முதலில் சிரித்தார். எங்கள் பக்கத்தில் ஓவன் என்ற சொல்லுக்கு அப்போது அவ்வளவு புழக்கமில்லை. பாண் சுடுகிற பேக்கரிக்காரரின் பெரிய போறணைதான் எல்லாருக்கும் தெரியும்.

"சுவருக்குள்ள போறணையோ? ஏன், கொப்பர் லொறியை வித்துப்போட்டுப் பாண் விக்கப் போறாரோ?"

அப்பாவும் சிரித்தார். ஆனால் அவருக்கு அம்மாவின் விருப்பத்தைச் செய்து கொடுக்க ஆசை இருந்தது. அடுத்த நாள் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். மாமா கடையிலிருந்து வழுவழுப்பான படங்களோடு வந்து, பெரிய எஞ்சினியர்போல மேசையில் பரப்பினார். கண்ணாடித் தட்டு அடுப்புக்கு மண்சட்டி சரிவராது, அடி தட்டையான இரும்புச் சட்டிதான் வைக்கலாம் என்றார். அதோடு அந்த ஓவனையும் பூட்டினால் எங்கள் வயர் தாங்காது என்றார். அப்பா யோசித்தார். கடற்காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தாலே எங்கள் பக்கம் கரண்ட் நின்றுவிடும். பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் போவதா என்று கேட்டார். அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை. நினைக்க நினைக்க எனக்கு வயிறெரிவது அதனால்தான்.

ஆனாலும் முடிவைக் கட்டியவர் மாமி.

"பால் காய்ச்சிறது எதில? புதுப் பானையை உந்தக் கண்ணாடியில வைக்க ஏலாதாம். நெருப்பில்லாமக் குடிபூருறதோ? அடுப்பில நெருப்பு எரியாட்டி அது செத்தவீடு, தம்பி."

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் பிரேதம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்துதான் தேத்தண்ணியும் சாப்பாடும் வரும். புது வீட்டுக்குள் போகும்போது அதற்கு நேர்மாறு. வீட்டுக்காரி தன் கையால் அடுப்பு மூட்டி, புதுப் பானையில் பால் பொங்கி வழிவதை வந்த சனம் எல்லாம் பார்க்க வேண்டும். செத்தவீடு என்ற சொல் விழுந்த பிறகு அப்பா மாமாவின் படங்களை மடித்து வைத்துவிட்டார். அடுத்த கிழமை லொறியில் காஸ் அடுப்பு வந்து இறங்கியது. நாலு வாய், அதற்குக் கீழே குனிந்து திறக்கிற பெரிய காஸ் ஓவன், பளபளவென்ற கைபிடிகள். சனம் பார்க்க வந்தது. நானும் துள்ளிக் குதித்தேன். எனக்கு எந்த அடுப்பானால் என்ன, குசினி முடிந்துவிட்டது!

அம்மாவுக்கு நான்தான் செய்தியைச் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஃபோனைத் தட்டிப் பார்த்தேன்.

"கதவு?" என்று கடைசியில் கேட்டார்.

"கதவும் போட்டாச்சு. கள்ளர் வராம அப்பா பெரிய ஆமைப்பூட்டும் போட்டிருக்கிறார்."

"சரி பிள்ளை. வாறன்."

வந்தார். இடுப்புவரை இருந்த கூந்தல் கழுத்தோடு நின்றது. தண்ணீர் ஒத்துவராமல் கொட்டிவிட்டதாம். புருவம் பென்சிலால் கீறியிருந்தது. அந்த வெக்கையிலும் சேலைக்கு முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றிச் சால்வை. அந்த நாட்டுப் பழக்கம், விட ஏலாமல் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். "பவிசைப் பார்" என்று மாமி என் காதுக்குள் சொன்னார். இரவில் பக்கத்தில் படுத்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் என் கையை மெல்ல எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

குசினியைப் பார்க்க எல்லாருமாகக் கூட்டிப் போனோம். வாசலில் நின்றபடி அம்மா சுவர் டைல்ஸைத் தடவினார். யன்னலால் தெரிந்த துறைமுகத் தண்ணீரையும் அதில் நின்ற ஒரு கப்பலையும் கனநேரம் பார்த்தார். மாமா விற்பனைக்காரர் அல்லவா, ஓவன் கதவைத் திறந்து, "இஞ்ச குனிஞ்சு பாருங்கோ அக்கா, உள்ளுக்கு லைற்றும் இருக்கு" என்றார். அம்மா குனியவில்லை. "நல்ல வடிவு" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

குடிபுகுகிற நாள் காலையில் வீடு நிறையச் சனம். குசினிக்குள் கால் வைக்க இடமில்லை. அடுப்பில் புதுப் பானை, அதன் கழுத்தில் மஞ்சள் இலை கட்டியிருந்தது. மாமி அம்மாவின் தோளில் கைவைத்து அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாவின் உதட்டுக்கு மேல் வியர்வை பூத்திருந்தது.

"மச்சாள், நீங்கள் மூட்டுங்கோவன்" என்றார் அம்மா.

"விசர்க் கதை கதையாதை. நான் தாலியறுத்தவள். வீட்டுக்காரி நீதான் மூட்டவேணும்."

அம்மா கையை நீட்டித் திருகினார். டிக் டிக் என்று சத்தம் வந்தது, பற்றவில்லை. "விடாதேங்கோ அக்கா, அமத்திப் பிடியுங்கோ!" என்று மாமா பின்னால் நின்று கத்தினார். அம்மா அமத்திப் பிடித்தார். காஸ் மணத்தது. பிறகு பொக்கென்று ஒரு சத்தம், பானையைச் சுற்றி நீல நெருப்பு எழும்பியது. மற்றவர்களுக்கு அது சாதாரண நெருப்புத்தான், சிலர் கையும் தட்டினார்கள். அம்மாவின் வாயிலிருந்து வந்தது கத்தல் அல்ல. கன்றுக்குட்டி கழுத்துக் கயிற்றில் இறுகினால் வருமே, அப்படி ஒரு சத்தம். பின்னுக்குப் பாய்ந்தபோது சேலை பட்டுப் பானை சரிந்து விழுந்து உடைந்தது. பால் நிலமெல்லாம் ஓடியது. அம்மா பின்கதவுக்கு ஓடி, ஆமைப்பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. அப்படியே கதவடியில் குந்தி, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார்.

பால் பொங்கவில்லை, கொட்டுப்பட்டது. அதைவிடப் பெரிய அபசகுனம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள். மாமி தலையிலடித்துக்கொண்டு, நிலத்தைத் துடைத்து, அலுமினியச் சட்டியில் வேறு பால் காய்ச்சினார். பின்னேரம், தகரக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று அப்பா அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஊரான் வீட்டில எல்லாம் சமைச்சனி. சொந்த வீட்டில ஒரு அடுப்பு மூட்ட ஏலாதோ?"

"ஏலாது" என்றார் அம்மா.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகும் அவர் அந்த அடுப்பைத் தொடவில்லை. கரண்ட் பானையில் சோறு வைப்பார். மரக்கறி வெட்டுவார், தேங்காய் துருவுவார், சம்பல் இடிப்பார். மாமி அடுப்பு மூட்ட வரும்போது மெல்ல எழும்பி வெளியே போய்விடுவார். வெளிநாட்டுக்குப் போய்வந்தவளுக்கு உடம்பு வளையாது என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பினேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது பத்தொன்பது வயதில். அம்மா வெளிநாட்டு வேலையை ஒரேயடியாக விட்டு வந்த கையோடு காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நினைவில்லாமல் கிடந்தவரின் சட்டையை மாற்றிவிடச் சொன்னார்கள். சால்வையை எடுத்தேன். இடப்பக்கக் கழுத்திலிருந்து தோள், முதுகுப்பாதி, மேற்கை வரைக்கும், நெருப்புப் பட்ட பொலித்தீன்போலத் தோல் சுருங்கி இழுபட்டிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு கேட்டேன். அங்கே முதலில் வேலை செய்த வீட்டில் காஸ் ஓவன் கீழே இருந்ததாம். ஆரோ காஸ் திருகைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். இவர் குனிந்து, தலையை உள்ளே நீட்டி, நெருப்புக்குச்சியைத் தட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்காரி கடைக்குப் போகும்போது குசினிக் கதவை வெளியால் பூட்டிவிட்டுப் போகிறவள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொல்லியிருந்தா அப்பா உடன வரச்சொல்லியிருப்பார். பிறகு வீடு?"

"வந்த பிறகாவது?"

"அப்பா ஆசையா வாங்கின அடுப்பு, பிள்ளை."

எனக்கு அழுகை வந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அந்த ஓவனைத் திறந்து பார்த்தேன். அதில் ஒருநாளும் எதுவும் சுடவில்லை. மாமி உள்ளே வெங்காயமும், தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற பீங்கான் தட்டுகளும் வைத்திருந்தார்.

ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. பால் கொட்டுப்பட்ட அந்த வருடத்தில், மழை தொடங்குவதற்கு முன்னமே அம்மா திரும்பவும் வெளிநாடு போனார். அப்பா மறிக்கவில்லை. வான் வந்து நின்றபோது நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு, போகமாட்டன் என்று சொன்னீங்களே என்று கத்தினேன். மாமிதான் என் விரல்களைப் பிரித்தார்.

போய்ச் சேர்ந்த கிழமை அம்மா எடுத்தார். அவர் எங்களோடு நின்ற நாட்களில் ஒருதரமும் கேட்காத ஒரு உற்சாகம் குரலில் இருந்தது.

"இஞ்ச புது வீட்டில நல்ல அடுப்பு, பிள்ளை. கண்ணாடித் தட்டு. நெருப்பே தெரியாது. ஓவன் சுவருக்குள்ள, சரியா என்ர நெஞ்சளவுக்கு இருக்கு. இண்டைக்கு அவையளுக்குக் கோழிக்கறி வச்சுக் குடுத்தனான். நல்லாச் சாப்பிட்டவை."

எனக்குப் பின்னால் மாமி தோசைக்கு அடுப்பு மூட்டினார். டிக் டிக், பொக். அந்தச் சத்தம் ஃபோனுக்குள்ளும் போயிருக்க வேண்டும். அம்மா பாதியில் நிறுத்தினார். "வைக்கிறன் பிள்ளை" என்றார், தொடர்பு அறுந்தது.

"அம்மாவுக்கு எங்கட குசினியை விட அந்த வீட்டுக் குசினிதான் பிடிச்சிருக்காம்" என்று மாமியிடம் சொன்னேன்.

"அது ஊருக்கே தெரிஞ்ச கதைதானே" என்றார் மாமி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

எங்கள் அடுப்பில் நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அந்தக் குசினிக்காகத்தான் அம்மா எரிந்தார் என்பதோ, அந்தக் குசினிக்குப் பயந்துதான் திரும்பிப் போனார் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. நான் தட்டை நீட்டி இன்னொரு தோசை கேட்டேன்.