காகிதத் தோரணம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மழை பெரும்பாலும் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிடும். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி முடித்து, வரும் வழியில் பாலர்பள்ளியிலிருந்து என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவளுக்குச் சோறு போட்டு முடிப்பதற்குள் வானம் இருட்டிக்கொள்ளும். அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் ஊஞ்சலுக்குப் போக முடியாது. ஐந்து வயதுப் பிள்ளையை நாலு சுவருக்குள் வைத்துச் சமாளிப்பது லேசான காரியமில்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத் தூங்கும் ஆள் நான் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படித்தான் நாங்கள் தெரிந்தவர்களுக்குக் கையாலேயே பரிசு செய்ய ஆரம்பித்தோம்.

சாமான்களுக்குக் குறைவில்லை. எங்கள் சனத்துக்குக் கல்யாணம் என்றால் அட்டைப்பெட்டி மாதிரி தடித்த பத்திரிகை அடிக்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு அலமாரி நிறைய அவைதான். பிள்ளையாரையும் தங்க ஓரத்தையும் வெட்டி எடுத்து வாழ்த்து அட்டை செய்தோம். அரிசிக்குச் சாயம் போட்டு அட்டையில் கோலம் ஒட்டினோம். மழைக்காற்றில் அரிசி காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்விசிறிக்கு அடியில் தாளைப் பரப்பி இருவரும் காவல் இருப்போம். கீழே காவலுக்கு நிற்கும் நேப்பாளி அங்கிளுக்கு அவள் கொடுத்த பச்சைக் கோலம் இன்றும் அவர் மேசையில் இருக்கிறது, பாதி அரிசியைப் பல்லி தின்ற பிறகும்.

அவள் அம்மா, என் ஒரே தங்கை, டெங்கிக் காய்ச்சலில் போனபோது பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பவில்லை. தங்கை காகிதம் கிழிக்கக் கத்தரிக்கோலைத் தேட மாட்டாள். மடித்து, மடித்த ஓரத்தை நாக்கு நுனியால் ஈரப்படுத்தி, ஒரே இழுப்பில் கிழிப்பாள். சின்ன வயதில் அதற்காக அவளை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பரிசு செய்ய உட்கார்ந்த முதல் வாரமே பிள்ளை அதையே செய்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மழை பெய்தாலே வீட்டில் மூன்று பேர் இருப்பது போலத்தான். விளக்குப் போடாத ஹாலில், தரையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பின்கழுத்தில் தங்கைக்கு இருந்த அதே சுழி. மழைச் சத்தத்துக்கு நடுவே படுக்கையறையில் யாரோ அலமாரிக் கதவைச் சாத்துவது கேட்கும். பக்கத்து வீடாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். இரண்டு தடவை என்னையறியாமல் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தது பிள்ளை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து ஒரே ஆறுதலைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். யாருக்கு நல்லது? ஒருத்தி இரண்டரை வருடம் தூக்கமில்லாமல் வளர்த்துவிட்டுப் போயிருக்கிறாள், அதில் ஒரு துளிகூடப் பிள்ளையிடம் மிஞ்சாதென்றால் அவள் எதற்கு வாழ்ந்தாள்? பசை காயும் நேரத்தில் நான் மெல்ல ஆரம்பிப்பேன்.

“அம்மா உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாடுவாளே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“என்ன பாட்டு?”

“பெரியம்மா பாடுற பாட்டு.”

நான் ஆசைப்படுகிறேன் என்று தெரிந்து ஆமாம் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். படங்களைக் காட்டியதும் நான்தான், கதைகளைச் சொன்னதும் நான்தான். அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்ததெல்லாம் நான் கொடுத்ததுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பிள்ளையின் அப்பா, ஷா ஆலமில் வேலை முடிந்து அவளைக் கூட்டிப் போக வந்தவர், நனைந்த சட்டையோடு வாசலிலேயே நின்றார். கிள்ளானில் ஒரு பெண் பார்த்திருக்கிறது, கோயிலில் சின்னதாகக் கல்யாணம் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணே வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாளாம். மழை நாளும் சரி, வெயில் நாளும் சரி, இனி அவள் இங்கே வர வேண்டியதில்லை.

“பாப்பா அவங்கள அம்மான்னு கூப்பிட்டா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, அக்கா?”

“எனக்கென்ன இருக்கு,” என்றேன். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இனி அம்மா என்ற சொல்லுக்கு வேறொரு முகம் வந்துவிடும். அதற்குள், தங்கையைப் பற்றி நான் ஊட்டாத ஒரே ஒரு ஞாபகமாவது பிள்ளையிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நல்ல மழை. சித்திக்கு என்ன பரிசு செய்யலாம் என்று பிள்ளை கேட்டாள். வாசலுக்குத் தோரணம் செய்யலாம் என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் குருத்தோலையைக் குருவித் தலைகளாக மடித்துத் தோரணம் கட்டுவார்கள். நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலைகள் மேலே பார்க்கும். சாவு வீட்டுக்கு மூன்று, தலைகள் கீழே தொங்கும். பேச்சிலிருந்த யாழ்ப்பாணம் எங்கள் அப்பாவோடு போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. குருத்தோலை வாங்க மழையில் யார் இறங்குவது? மஞ்சள் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, நாலு தலை மேலே பார்க்கிற மாதிரி ஒன்று மடித்துக் காட்டினேன். அவளுக்குக் கை சீக்கிரம் படிந்துவிட்டது. நான் தேநீர் போடச் சமையலறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் தனியாக ஒரு சரம் கோத்து வைத்திருந்தாள். எல்லாக் குருவிகளும் தலைகீழாகத் தொங்கின. மாற்றிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திருப்பி வைத்தேன். அவள் அதை மறுபடி திருப்பினாள்.

“தப்பா இருக்கு, குட்டி.”

“இல்ல, இப்படித்தான்.”

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று தலை. அதை நான் காட்டவில்லை, அதைப் பற்றிச் சொன்னதும் இல்லை.

“இத எங்க பாத்த?”

“கிள்ளான் வீட்டுல. கதவு மேல. நிறைய பேர் வந்தாங்கல்ல, அன்னிக்கு.”

கிள்ளானில் தங்கை குடியிருந்த அந்த வீட்டு வாசலில் அப்படியொரு தோரணம் தொங்கியது ஒரே ஒரு நாள்தான், அவளை எடுத்த அன்று. எங்கள் சிற்றப்பா கட்டியது. பிள்ளையை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தோம். அம்மாவைக் காட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் மட்டும் கொண்டுவந்தார்கள்.

“இத சித்திக்குக் கொடுக்கக் கூடாது, கண்ணு.”

“சித்திக்கு அந்த மேல பாக்குறது. இது நம்ம கதவுக்கு.”

“நம்ம கதவுக்கு எதுக்கு?”

“கட்டுனா அம்மா ஹால்ல இருப்பாங்க. அன்னிக்கு இருந்தாங்கல்ல.”

ஆள் வாழ்கிற வீட்டு வாசலில் அதைக் கட்ட மாட்டார்கள். எங்கள் அம்மா இருந்திருந்தால் என் கையை முறித்திருப்பார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கதவு நிலைக்கு மேலே அந்தச் சரத்தைக் கட்டினேன். பிள்ளை கட்டச் சொன்னாள் என்பதற்காக என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெறும் ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள், அன்று தங்கையைக் கிடத்தியிருந்த பாய் அந்தத் தரையில் விரிந்துவிடும் என்று நானும்தான் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “வரல,” என்றாள்.

“வரமாட்டா, கண்ணு.” பிறகு, கடைசித் தடவையாக, கேட்டேன். “அம்மா முகம் ஞாபகம் இருக்கா?”

இந்தத் தடவை அவள் ஆமாம் போடவில்லை. யோசித்தாள். “போட்டோல இருக்குற முகம்தான் வருது. கால் தெரியும்.”

தன் இரண்டு கால்களையும் நீட்டி, பெருவிரல்களைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். “இப்படிக் கட்டியிருந்துச்சு. வெள்ளைத் துணி. அவுந்துபோச்சு, பெரியம்மாதான் மறுபடி கட்டுனீங்க.”

உண்மைதான். முடிச்சு நழுவியிருந்தது. எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது நான் கால்மாட்டில் குனிந்து கட்டினேன். அந்த விரல்களின் சில்லிப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எந்தப் படத்திலும் அது இல்லை. நான் தேடித் தேடிக் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது. தங்கை பாடியதும் ஊட்டியதும் எல்லாம் போய், பிள்ளையிடம் தங்கியது அந்தக் கால்கள்தான், அவற்றின் பக்கத்தில் குனிந்திருந்த நானும்தான். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழுதேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா எங்கயும் போயிடக் கூடாதுன்னுதானே கட்டுனீங்க?”

“ஆமா,” என்றேன்.

அவள் தன் பெருவிரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேல் கோபமில்லை. எனக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கிற குரலில்தான் சொன்னாள்.

“இன்னும் டைட்டா கட்டியிருக்கணும், பெரியம்மா.”