மஞ்சள் வீட்டு விளக்கு

மதியச் சாப்பாட்டுக்காக மற்றக் கடைகள் பாதிக் கதவை இறக்கிவிட்ட பிறகும் ரிமோட் அக்கா தன் டப்பாவைத் திறப்பதில்லை. அது சால்டரிங் அயர்ன் படாத தூரத்தில், மூடியோடு, மேசை ஓரமாக இருக்கும். உதட்டில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய ரிமோட்டின் வயிற்றையோ பிளந்துகொண்டிருப்பார். நடுநடுவே கண் மட்டும் நிமிரும். மேசையின் மறு ஓரத்தில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு மஞ்சள் அட்டை வீடு இருக்கிறது. அதன் ஜன்னலில் விளக்கு எரிய வேண்டும். எரிந்ததும் திருகாணிகளைக் கிண்ணத்தில் துப்பிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவை இழுப்பார். "சரி, நாமளும் சாப்பிடுவோம்" என்பார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்.

அந்த இடத்தைக் கடை என்று சொன்னால் அதற்கே சிரிப்பு வரும். எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே மிச்சமாகிப்போன முக்கோணம் அது. வாசலில் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிந்து, கடைசியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தலைக்கு மேலே ஏறிப் போகும் காலடிகளை அக்கா நிமிராமலே அடையாளம் சொல்வார். "மூணாவது மாடி சார் சீக்கிரமே வந்துட்டாரு. நடையைப் பாரு, லீவு கேட்டு வாங்குன நடை." கழுத்துச் சங்கிலியில் ஊக்குகள் தொங்கும்: ஒன்று சின்னப் பொத்தான்களை அழுத்த, ஒன்று அழுக்கு நோண்ட, ஒன்று அவசரத்துக்குப் புடவையில் குத்த. சதுர பேட்டரியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்று ஓரம் கட்டுவார். ஊர்ச் சாமான்களையெல்லாம் பேச வைக்கிறவரின் சொந்த ஃபோனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி செத்துப் பல காலம் ஆகிறது. எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில்தான். மாடிப்படி முழுக்க அவர் குடும்ப விவகாரம் கேட்கும். அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ரிமோட் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: செத்துப்போச்சு. அக்காவுக்கு அந்த வார்த்தை பிடிக்காது. "சாகல, மயக்கம்தான்" என்று வாங்கி, அதன் நெற்றியை ஃபோன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துவார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேமராத் திரையில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு விட்டுவிட்டு மின்னும். "பாத்தீங்களா? அது பேசிட்டுதான் இருக்கு. நமக்குத்தான் தெரியல." பல தடவை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந்தப் பொட்டைப் பார்க்கிற சாக்கில்தான் நான் படியில் உட்கார ஆரம்பித்தேன். "தம்பி வாயத் தொறக்கவே மாட்டாரு. சார்ஜ் ஏறுதா இல்லையான்னே தெரியாது" என்று என்னையும் ஒரு ரிமோட்டாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பள்ளிகள் மூடும் வாரத்தில் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கும். உள்ளே அட்டையில் செய்த சின்ன ஊர் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அக்கா அதை எழுப்பி, படிக்கட்டின் வாயிலில் பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் பரப்புவார். வீடுகளை வெட்டுவது அக்காவின் கணவர். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விடுமுறையில் வண்டிக்கு வேலை இருக்காது. செருப்புப் பெட்டி, பிஸ்கட் அட்டை, சட்டைக்குள் வரும் கெட்டிக் காகிதம் எல்லாம் அவர் கையில் கூரையும் சுவருமாகும். உயிர் கொடுப்பது அக்கா. தெரு ஓரத்தில் குண்டூசி உயரத்துக்கு விளக்குக் கம்பங்கள். வெளியே இருட்டினால் தாமே எரியும். கண்ணாடி அருகே யாராவது நின்று கை தட்டினால் பள்ளிக்கூட மணி கிணுகிணுக்கும். பழைய ஃபோனில் அதிர்வதற்கு இருக்கும் துளி மோட்டார் குளத்துக்குள் கிடந்து தண்ணீரைச் சிலிர்க்க வைக்கும். பேருந்து ஒன்று அட்டைக்கு அடியில் ஓடும் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வரும்.

தண்ணீர்த் தொட்டிதான் பெரியவர்களுக்குப் பிடித்தது. குடியிருப்பின் மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் சின்ன ஊரின் தொட்டி நீலமாக ஒளிரும். இரண்டுக்கும் நடுவே எந்தக் கம்பியும் கிடையாது. தீப்பெட்டி அளவுச் சில்லு இரண்டு, கட்டடத்தின் வைஃபையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. குளிக்கப் போகிறவர்கள் துண்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். "என் பொண்டாட்டி ஊருக்கு மேயர். நான் கொத்தனார். சம்பளம் கேட்டா அடுத்த தேர்தலுக்கு அப்புறம்ங்கறா" என்பார் கணவர்.

"வாயக் கொறச்சுட்டு அந்தக் கூரைய நேரா ஒட்டுங்க. மழ வந்தா ஒழுகும்."

"கண்ணாடிக்குள்ள எங்கடி மழை?"

"ஒழுங்கா ஒட்டலன்னா வர வைப்பேன்."

இந்த அட்டை ஊரை ஒருவர் மட்டும் நேரில் பார்த்ததில்லை. அவர்களுடைய ஒரே மகள். தொலைதூர நகரம் ஒன்றில் மருத்துவமனை நர்ஸ். அவள் வேலைக்குப் போன பிறகு வந்த முதல் விடுமுறையில்தான் அக்கா முதல் வீட்டுக்கு விளக்கு வைத்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் வருவதாகச் சொல்வாள். விடுமுறை நெருங்கும்போது அது 'பாக்கலாம்மா' ஆகிவிடும். மற்ற நர்ஸ்களுக்குக் குழந்தைகள் இருந்தன. குழந்தை இல்லாதவளுக்கு எந்த விடுமுறையிலும் டூட்டி போடலாம் என்பது அங்கே எழுதாத சட்டம் போலிருக்கிறது.

ஆரம்பத்தில் அக்கா தினமும் ஃபோன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது: "ஏம்மா, சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு. வேற கேள்வியே கெடையாதா உனக்கு? நான் என்ன கைக்கொழந்தையா?" அக்கா "இல்ல, சும்மாதான்" என்றார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அங்கே மழையா, பேருந்தில் கூட்டமா என்று விசாரிப்பார். "வானிலை அறிக்கை முடிஞ்சுதா?" என்பார் கணவர்.

மஞ்சள் வீடு அப்போது வந்ததுதான். அதற்கு ஜோடி, மகளின் அறையில் கதவிலும் நிலையிலும் ஒட்டும் இரண்டு வெள்ளைத் துண்டு; ஒன்றில் காந்தம். அங்கே கதவு திறந்திருக்கும் வரை இங்கே மஞ்சள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். துண்டுகளை அக்காவே செய்து கூரியரில் அனுப்பினார். "ரூம் கதவுல ஒட்டிக்கோ. நீ வந்தா இங்க தெரியும். ஃபோன் பண்ணித் தொல்ல பண்ண மாட்டேன்." மகளுக்கு அந்த ஒப்பந்தம் பிடித்திருந்தது.

விளக்கு எரிந்தது. ஆனால் கதவு திறக்கிற மாதிரி எரியவில்லை. ஒரு மூச்சு நேரம் எரிந்து அணையும். கொஞ்ச நேரத்தில் மறுபடி. லூஸ் கான்டாக்ட் என்று நினைத்து அக்கா பற்றவைப்புகளையெல்லாம் கலைத்துப் புதிதாக வைத்தார். விளக்கை மாற்றினார். சில்லையே மாற்றினார். மகள் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்ன நாளிலும் ஜன்னல் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆள் இருக்கும் அறைக்கு யார் இத்தனை தடவை வந்து போகிறார்கள் என்ற கவலையில் அக்கா ஒரு மிக்ஸிக்குத் தப்பான மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் சட்னி கூரையில் ஏறியது.

வீடியோ அழைப்பில்தான் தெரிந்தது. மகளின் தோளுக்குப் பின்னால் இடுப்பு உயரக் குட்டி ஃப்ரிட்ஜ். அதன் கதவு ஓரத்தில் அக்கா செய்த வெள்ளைத் துண்டுகள். அறைக் கதவின் உதிரும் பெயிண்டில் பசை நிற்கவில்லை போலும். ஏதோ ஒரு கதவில் ஒட்டினால் அம்மாவுக்கு விளக்கு எரியும், அது போதும் என்று விட்டிருக்கிறாள்.

"ஒழுங்கா வேல செய்யுதாம்மா?" என்று கேட்டாள்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம். நல்லாத் தெரியுது" என்றார்.

"சொல்லிடேன், மாத்தி ஒட்டட்டும்" என்றார் கணவர் பிறகு. அக்கா அவரை அதட்டிவிட்டார். "கதவுன்னா வந்தா, போனா, அவ்வளவுதான் தெரியும். இதுல சாப்பிடறாளான்னு தெரியுதுங்க. நீங்க வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."

அன்றிலிருந்து அந்த ஜன்னலை அவர் படிக்கப் பழகிக்கொண்டார். சட்டென்று எரிந்து அணைந்தால் தண்ணீர் குடிக்கிறாள். அடுத்தடுத்து இரண்டு முறை என்றால் பாலை எடுத்து, திரும்ப வைத்திருக்கிறாள். நீண்ட நேரம் எரிந்தால், அசதியாக வந்து, என்ன சாப்பிடுவது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது மட்டும் அக்கா மெல்ல, "ஏதாவது எடுடி" என்பார் அட்டை வீட்டைப் பார்த்து. மகளின் டூட்டி மாறும்போது இவருடைய சாப்பாட்டு நேரமும் மாறும். டப்பா சில நாள் பதினொரு மணிக்கே காலியாகும், சில நாள் சாயங்காலம் வரை காத்திருக்கும்.

இந்த விடுமுறைக்கு மகள் 'பாக்கலாம்மா' சொல்லவில்லை. "லீவு கெடச்சிடுச்சும்மா. நைட் டூட்டி முடிச்சு அப்படியே பஸ் ஏறிடுவேன். ரூமுக்குக்கூடப் போகல. சாயங்காலம் அங்க இருப்பேன்." ஸ்பீக்கரில் இதைக் கேட்டு, மேலே படியில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றே விட்டார்.

அதன் பிறகு அக்கா கையில் ரிமோட் வேலை நகரவில்லை. மஞ்சள் வீட்டை ஊரின் நடுவே, குளத்தங்கரையில் வைத்தார். அதன் வாசலில் புதிதாக ஒரு பேருந்து நிறுத்தம் போட்டார். சின்னப் பேருந்து மற்ற இடங்களில் தயங்கி நகரும். அந்த வாசலில் மட்டும் ஒருவர் பெட்டியோடு இறங்கும் அளவுக்கு நிற்கும்படி மாற்றினார்.

மகள் வர வேண்டிய நாளில் காலையிலிருந்து மஞ்சள் வீடு இருட்டாகவே இருந்தது. "இன்னைக்கு அது எரியக் கூடாது" என்றார் அக்கா. வழக்கமாக எரிவதற்காகப் பார்க்கிற கண், அன்று எரியாமல் இருப்பதற்காகப் பார்த்தது. மதியம் டப்பாவைத் திறக்கவில்லை. "அவ வரட்டும், கூட உக்காந்து சாப்பிட்டுக்கறேன்." கணவர் வேனை இரண்டாம் முறையாகக் கழுவிக்கொண்டிருந்தார். "கழுவிக் கழுவி மஞ்சப் பெயிண்டே போயிடப் போகுது" என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தார். குரலில் சிரிப்பு இருந்தது.

பிற்பகல் கண்ணாடியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். மணி ஓயாமல் அடித்தது. மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "ஆன்ட்டி, இந்த வீட்டுல மட்டும் லைட்டே எரியல. ரிப்பேரா?" என்றாள்.

"ரிப்பேர் இல்லடா கண்ணு. வீட்ல ஆள் இல்ல. ஊருக்குக் கெளம்பிட்டாங்க."

"எந்த ஊருக்கு?"

"இந்த ஊருக்குத்தான்" என்றார் அக்கா.

பொழுது சாய்ந்தது. தெரு விளக்குகள் தாமே எரிந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்திவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பேருந்து நிலையத்துக்குக் கிளம்பக் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சாவியைச் சுழற்றியபடி நின்றார். "மேயரம்மா, நான் போயி நம்ம விருந்தாளியக் கூட்டிட்டு வரட்டுமா?"

அக்காவின் கண் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அவர் பார்த்த திசையில் நாங்களும் பார்த்தோம். குளத்தங்கரையில் மஞ்சள் வீட்டு ஜன்னல் எரிந்துகொண்டிருந்தது. அணையும் என்று பார்த்தோம். அணையவில்லை. சின்னப் பேருந்து வந்து அந்த வாசலில் நின்று, நின்ற நேரம் முடிந்து, நகர்ந்துபோனது.

கணவரின் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றது.

ஃபோன் அடித்தது. "அம்மா..." என்றது மகளின் குரல். "மாத்தி விட வேண்டியவ வரலம்மா. பகல் டூட்டியும் நானே பாக்க வேண்டியதாப் போச்சு. ஃபோன்கூட எடுக்க முடியல. இப்பதான் வந்தேன். லீவும் போச்சு."

"தெரியும்டி."

"எப்படித் தெரியும்?"

"ஒங்குரலே சொல்லுதே" என்றார் அக்கா. கண்ணாடிக்குள் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. "பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம். அங்க மழையா?"

"இல்லம்மா." ஃபோனில் ஒரு பாத்திரம் மெல்ல உரசும் சத்தம். பிறகு, வேறு எதுவும் சொல்லத் தோன்றாதவள் போல மகள் கேட்டாள்: "நீ சாப்பிட்டியாம்மா?"

அக்கா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதோ, சாப்பிட்டுட்டேதான் இருக்கேன்" என்றபடி இன்னொரு கையால் மேசையைத் துழாவி, டப்பாவை மடிக்கு இழுத்து, சத்தம் வராமல் அதன் மூடியைத் திறந்தார்.