முதல் கையெழுத்து

எருமப்பட்டிப் பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே நடத்துனர் சொன்னார்: "சார், நம்ம செல்லமுத்து அண்ணன் காலைல தவறிட்டாருங்க." அந்த நடத்துனர் எங்கள் அரசுக் கல்லூரியின் மாலை வகுப்பில் படித்தவர். நான் அங்கே விரிவுரையாளர். செல்லமுத்து அங்கே அலுவலக எழுத்தராக இருந்தவர். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு மாலை வகுப்பு மனுவும் நினைவிருக்கும். நிதி இல்லை, மாலை வகுப்பை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்த ஆண்டு அது. பகலில் தறி ஓட்டிவிட்டு, லாரிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்து உட்காருபவர்களுக்கு வேறு கல்லூரி கிடையாது. "ஊர்ச் சனம் வேணும்னு சொன்னாத்தான் சார் இது நிக்கும். நம்ம ரெண்டு பேரு சொன்னா யாருங்க கேப்பாங்க?" என்று செல்லமுத்து ஞாயிறுதோறும் சைக்கிளில் கிளம்பினார்.

எங்கள் பக்கத்தில் எந்த மனுவானாலும் பெரிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் பேனாவைத் தொடுவார்கள். செல்லமுத்துவும் முதலில் அங்கேதான் போனார். பெரிய வீட்டுக்காரர் மோர் கொடுத்து, சிரித்துக்கொண்டே போட்டார். அதன்பின் நான்கு ஊரும் மளமளவென்று போட்டது. நானும் போட்டேன். ஏதோ ஜெயித்துவிட்டதைப்போல நாங்கள் இருவரும் திரிந்தோம், மடையர்கள்.

அடுத்த மாதம் பெரிய வீட்டுக் கடலைக்காட்டில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். கல் நட்டார்கள். கம்பி வேலி வந்தது. என்னவென்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். செல்லமுத்துவைக் கண்டால் ஆட்கள் சந்து மாறிப் போனார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அங்கே தனியார் கல்லூரி வருகிறது. பெரிய வீட்டுக்காரர் மனுவைக் கேட்டு வாங்கித் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அந்த வாரத்திலேயே மற்றவர்களும் வரிசையாக அடித்தார்கள். "ஊட்டுக்கொரு சீட்டு தாரேன்னிருக்காருங்க. நாங்க என்ன பண்றது சாமி?" என்றார் ஒரு தறிக்காரர், தரையைப் பார்த்தபடி.

"தப்பு என்னுதுங்க சார். கடைசி ஊட்ல இருந்து ஆரம்பிச்சிருக்கோணும்," என்று சொல்லி, அனுப்ப முடியாத அந்தத் தாள்களை என் மேசையில் வைத்தார் செல்லமுத்து. அந்த ஜூனில் கல்லூரி மாலை வகுப்புக்கு விண்ணப்பப் படிவம் தரவில்லை; வகுப்பு மூடப்பட்டது. வாசலில் வந்து நின்றவர்களிடம் அதைச் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

அடித்த பெயர்களில் என்னுடையதும் ஒன்று. என் மகனுக்கும் அங்கே ஓர் இடம் சொல்லியிருந்தார்கள். செல்லமுத்து அதைப் பார்த்திருந்தார். ஒரு நாளும் கேட்டதில்லை. ஓய்வு பெறும்வரை சாயங்காலம் தவறாமல் "வாரேனுங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தத் தாள்கள் மட்டுமே. அவற்றில் அடிக்கப்படாத பெயர் ஒன்றே ஒன்று, அது அவருடையது.