அமல்ஃபிக்குப் போகாத சித்திரை

இத்தாலிக்குப் போவதற்காக நான் தயார் செய்த கோப்பில் பதினாறு இணைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, முதல் பக்கத்தில் பொருளடக்கம் எழுதி, பச்சை நாடாவில் கட்டியிருந்தேன். சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கிக்கொண்ட பெண் அந்த நாடாவை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு தாள்கூடக் குறைவு என்று அவரால் சொல்ல முடியவில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு தாள் குறைந்ததற்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னை யாரும் அப்படித் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அனுப்பவும் இல்லை. விசா பத்தாம் நாளே வந்துவிட்டது.

போக ஆசைப்பட்டது நான் அல்ல, என் மனைவி. அரசுப் பெண்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவள். மத்திய தரைக்கடல் காலநிலை என்று ஒரு பாடம். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை, விளைவது திராட்சை, எலுமிச்சை, ஆலிவ். இதை ஆண்டுக்கு ஒரு முறை கரும்பலகையில் எழுதியவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவள் பிறந்தது ஓடைப்பட்டியில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவள். நேப்பிள்ஸுக்குத் தெற்கே, மலை அப்படியே கடலில் இறங்கும் அமல்ஃபிக் கரையின் படங்களைக் கைக்கணினியில் பெரிதாக்கி எனக்குக் காட்டுவாள்.

"இங்கன பாருங்க. எங்கப்பா போட்ட பந்தல் மாதிரியே இருக்கு. நாம கல்லு நட்டோம், இவுக கம்பு நட்டுருக்காக. மேல எலுமிச்ச."

"நம்ம மலையிலயும் எலுமிச்ச இருக்கு," என்றேன்.

"கீழ கடல் இருக்கா?"

இருக்கவில்லை.

அவளுக்கு வலது முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. தேனியில் எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "படியேறி எறங்குறதெல்லாம் இந்த வருஷத்தோட முடிச்சுக்கங்க டீச்சர். அதுக்கப்புறம் ஆபரேஷன்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுல நடக்கலாம், கடைக்குப் போகலாம். மலையில எறங்குறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன்."

அமல்ஃபிக் கரை முழுக்கப் படிகள்தாம். அதிலும் இவள் நடக்க விரும்பியது மலைமுகட்டில் கடலைப் பார்த்தபடியே செல்லும் ஒரு ஒற்றையடிப் பாதை. 'தெய்வங்களின் பாதை' என்று அதற்குப் பெயராம். அதன் முடிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஆகவே இந்த வசந்தம், இல்லையென்றால் ஒருபோதும் இல்லை. இதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. கோடையில் கூட்டமும் வெயிலும் அதிகம், ஏப்ரல் கடைசியில்தான் எலுமிச்சை பூத்திருக்கும் என்று அவள் படித்து வைத்திருந்தாள். சித்திரை இரண்டாம் வாரம் கிளம்பி மூன்றாம் வாரம் திரும்புவதாகத் திட்டம். காலையில் மாடிப்படியை மூன்று முறை ஏறி இறங்கிப் பழகினாள். மூன்றாவது முறை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் பார்த்தால் விட்டுவிடுவாள்.

சித்திரையை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர்த் திருவிழா வைகாசியில்தான் வரும்.

அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அம்மன் கோயில் திருவிழா நின்று பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேலத்தெருக்காரர்களான எங்களுக்கும், எங்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கீழத்தெருக்காரர்களுக்கும் முதல் மரியாதை யாருக்கு என்பதில் சண்டை. அம்மன் தலையிலிருந்து எடுக்கும் பரிவட்டத் துணியை யார் தலையில் முதலில் கட்டுவது என்பதுதான் விஷயம். போன ஐப்பசியில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, இருவருக்கும் ஒரே நேரத்தில் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். அதை எழுத்தில் வடிக்கும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போகும்?

எழுதினேன். பத்தொன்பது பிரிவுகள். மேலத்தெரு சார்பில் நான், கீழத்தெரு சார்பில் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் என் மச்சான் முறைக்காரர் ஒருவர், இருவரும் பிரதிநிதிகள். காப்புக் கட்டிய நாள் முதல் தேர் நிலைக்கு வரும் வரை பதினைந்து நாள்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எப்போதும் உள்ள வழக்கம்தான். கல்லூரிப் பிள்ளைகளும் திருப்பூரில் வேலை செய்பவர்களும் அதற்கு ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். அம்மனும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தினேன். பிரிவு பதினொன்று: 'பிரதிநிதிகள் காப்புக் காலம் முழுவதும் குடும்பத்துடன் ஊர் எல்லைக்குள் தங்கியிருக்க வேண்டும். தவறும் தரப்பு அவ்வாண்டு மரியாதையை இழக்கும்.' பிரிவு பன்னிரண்டு: 'மாற்று நபர் அனுமதிக்கப்பட மாட்டார்.' தேதியில் இரு தரப்பும் ஒத்துப்போகாததால் பிரிவு நான்கில், அம்மனிடம் பூக்கேட்டு நாள் குறிப்பது என்று எழுதினேன். சித்திரைக்கு வெள்ளைப் பூ, வைகாசிக்குச் சிவப்புப் பூ என்று தனித்தனியாக மடித்து வைத்து, ஒரு பெண் குழந்தையை எடுக்கச் சொல்லிக் கேட்பது. எனக்குத் தெரிந்து அம்மன் எப்போதும் வைகாசிக்கே பூக்கொடுத்திருக்கிறாள். அதை நம்பித்தான் விமானச் சீட்டு எடுத்தேன்.

பங்குனியில் பெரியப்பா மகன், என் அண்ணன், தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ஆத்தா சித்திரையக் கேட்டுட்டா. மொதச் செவ்வா காப்பு."

"ரெண்டாந் தடவ கேட்டுப் பாத்தாகளா?"

"ஒரு தடவதான் கேக்கணும்னு நீதான எழுதிருக்க."

எழுதியிருந்தேன்.

மறுநாள் தேனியிலிருந்து பேருந்தில் ஊருக்குப் போனேன். சாவடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அண்ணனும் இருந்தார், கீழத்தெரு மச்சானும் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் செய்தி அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"என்ன மச்சான், இத்தாலிக்குப் போறீகளாம்ல," என்றார் மச்சான். "அங்கன என்ன இருக்கு, இங்கன இல்லாதது? மலை நம்மகிட்ட இல்லையா?"

"கடல் இல்லையாம்," என்றார் அண்ணன்.

"வைகை அணையக் காட்டிக் கூட்டிட்டு வந்துருங்க. அக்காவுக்குத் தெரியவா போகுது."

"அவுக டீச்சருப்பா. மேப்ப வச்சுப் புடிச்சுருவாக."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, தேதியை மாற்ற வழி உண்டா என்று பொதுவாகக் கேட்டேன். யாரும் பதில் சொல்வதற்கு முன் நானே பையிலிருந்து ஒப்பந்த நகலை எடுத்துப் பிரிவு நான்கையும், பதினொன்றையும், பன்னிரண்டையும் வாசித்து, வழியில்லை என்று நானே தீர்ப்பும் சொன்னேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தச் சாவடியில் வழியில்லை என்று சொன்ன ஒரே ஆள் நான்தான்.

மச்சான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "போயிட்டு வாங்க மச்சான். ஒங்க மரியாதையச் சேத்து நாங்களே வாங்கி வச்சுக்கிறோம்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பரிவட்டத் துணி எங்கள் தெருவைத் தாண்டிப் போனபோது அந்த இடத்தில் நின்றிருந்தவன் நான். பத்தொன்பது பிரிவுகளையும் எழுதியது யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர் ஒற்றுமைக்காக என்று சொல்லியிருப்பேன். இங்கே அப்படிச் சொல்லத் தேவையில்லை. அந்தத் துணி என் தலையில் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நகலைக் கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இந்தக் 'குடும்பத்துடன்'ங்கிறத யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பெறகு?"

"போடாட்டி ஓட்டை விழும். ஆளு மட்டும் ஊருல இருப்பாக, வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருவாக."

"ஓட்டை இருந்திருந்தா அது வழியா நானாச்சும் போயிருப்பேன்."

கீரையைத் தொடர்ந்து உருவினாள். நான் அப்போது, 'எழுதினதைப் பற்றிக் கவலைப்படாதே, நீ உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் வா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவும் தோன்றியது. அவள் விமானம் ஏறினால் பிரிவு பதினொன்றை மீறியவன் நான் ஆவேன் என்பதும் அதே நொடியில் தோன்றியது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். காத்திருந்தது எனக்குத் தெரியும்.

"சரி, ரத்து பண்ணிருங்க," என்றாள்.

ரத்து செய்வதற்கான முறைகளும் எனக்குத் தெரியும். ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன். ஒரு தெய்வத்தின் பாதைக்கு இன்னொரு தெய்வம் தடை உத்தரவு போட்டுவிட்டது என்று வேடிக்கையாக ஒரு வாக்கியம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உத்தரவில் இருந்தது யார் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியும்.

சித்திரை முதல் செவ்வாய் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் தடவிய கயிறு என் வலது மணிக்கட்டில் ஏறியது. நானும் அவளும் அண்ணன் வீட்டின் முன்னறையில் தங்கினோம். அவள் மற்றப் பெண்களோடு சேர்ந்து முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்தாள். கீழே உட்கார முடியாததால் நின்றுகொண்டே தெளித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மச்சானின் ஜீப் கம்பம் மெட்டுப் பக்கம் போனது. அன்று இரவு திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஏலத்தோட்டம் உண்டு. நான் குறிப்பேட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன். பிரிவு பதினொன்றை மேற்கோள் காட்டி, விழாக் குழுவுக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஒரு மனுவும் எழுதினேன். அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன்.

"விடு தம்பி," என்றார். "செடிக்கு மருந்தடிக்கப் போயிருக்காக. வந்துருவாக."

"ஒப்பந்தப்படி அவுக மரியாதைய இழந்துட்டாக."

"அந்தப் பேப்பரு இப்ப எங்கன இருக்குன்னே தெரியல. கோயில் பீரோவுல தேடணும்."

ஐந்தாம் நாள் மச்சான் வந்து இறங்கினார். உடம்பெல்லாம் மருந்து வாடை. நேராக எங்கள் வாசலுக்கே வந்து, என் மனைவிக்கென்று ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காய் கொடுத்தார். நான் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"காப்புக் கட்டிட்டு ரெண்டு ராத்திரி வெளியில தங்கியிருக்கீகளே மச்சான்?"

"தோட்டத்துல ஆள் வரல. ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்."

"ஒப்பந்தத்துல என்ன எழுதிருக்குன்னு தெரியும்ல?"

"அதையா கேக்குறீக? திருவிழா நடந்தாச் சரின்னு கையெழுத்துப் போட்டேன். அம்புட்டுப் பக்கத்த யாரு படிச்சா."

"நான் போனா மரியாதைய வாங்கி வச்சுக்கிறோம்னு அன்னைக்குச் சாவடியில சொன்னீகளே."

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முகம் மாறியது.

"மச்சான், அது சும்மா வம்புக்குச் சொன்னது. அதுக்கா போகாம இருந்தீக? ஒங்க துணிய அண்ணன் தலையில கட்டிருப்போம்ல. அக்காவ வேற நிறுத்தி வச்சிருக்கீகளே."

அவள் கதவுக்குப் பக்கத்தில் ஏலக்காய்ப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டாள். ரத்து செய்யாமல் இருந்திருந்தால் எங்கள் விமானம் அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பியிருக்கும். மூன்று நாள் இருந்தும் ஒன்றும் செய்வதற்கில்லை. அவ்வளவு முறையாக ரத்து செய்திருந்தேன். அவள், "ஒக்காருங்க தம்பி, காப்பி போடுறேன்," என்று மச்சானிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தேரன்று பரிவட்டம் கட்டினார்கள். எனக்கும் மச்சானுக்கும் ஒரே நேரத்தில், பிரிவு மூன்றில் உள்ளபடி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துணி ஈரமாக இருந்தது. கூட்டத்தில் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் வரவில்லை, கால் வலி என்று வீட்டில் படுத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். வலி உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனி மாதம் ஒரு காலை, மருத்துவமனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தங்கையோடு ஆட்டோவில் கிளம்பினாள். வழக்கமான பரிசோதனை என்று நினைத்தேன். மத்தியானம் தங்கை கூப்பிட்டு, அறுவை சிகிச்சைக்குச் சேர்த்தாயிற்று, நாளை காலையில் என்றாள். நான் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, ஓய்வூதியப் புத்தகம், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

எதுவும் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் அவளே கொண்டுபோயிருந்தாள். சம்மதப் படிவம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கியது. பழக்கத்தில் எடுத்துப் படித்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் தங்கையின் பெயரும் கையெழுத்தும் இருந்தன. உறவுமுறை, முகவரி, தேதி, எல்லாக் கட்டங்களும் அவளுடைய கரும்பலகைக் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. ஒரு பிழையும் இல்லை.

"என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல," என்றேன்.

"நீங்க வந்தா எல்லாத்தையும் படிப்பீக," என்றாள். "எனக்கு நேரமாகுது."

மருத்துவர் வந்து, கூட இருப்பவர் ஒருவர் மட்டும் என்றார். தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.