பக்கத்து நாற்காலி

பாரிசுக்கு வருகிற பயணிகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: நிம்மதியாக உட்கார்ந்து மனிதர்களை வேடிக்கை பார்க்க நல்ல இடம் எது? காப்பிக்கடை சர்வரிடம் கேட்கிற கேள்வியா இது! எங்கள் கடை வாசலைத்தான் காட்டுவேன். நாற்காலிகள் எல்லாம் தெருவைப் பார்த்தபடி வரிசையாகக் கிடக்கும். ஜோடியாக வந்தாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். காட்டிவிட்டு உள்ளே போகும்போதெல்லாம் மதாம் ஒதீல் ஞாபகம் வந்து தொலைக்கும்.

மதாம் ஒதீல் மெட்ரோவில் டிக்கெட் கொடுத்தவர். கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாக வேலைக்காலம் முழுக்கக் கைகளையே பார்த்தவர். ஓய்வு பெற்றதும், "இனிமே ஆசை தீர மூஞ்சிங்களப் பாக்கப் போறேன், பஸ்தியான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். தலையில் தொப்பி, மார்பை மறைக்கும் தாடி. இவர் அவரை முசியே, அதாவது ஐயா என்பார்; அவர் இவரை மதாம், அதாவது அம்மா என்பார். வருஷக்கணக்கில் அவ்வளவுதான். பெயரைக் கேட்டால் கௌரவம் போய்விடுமாம். எங்கள் ஊர்க்காரர்களின் வறட்டு ஜம்பம் அப்படி!

"அந்தப் பச்சைக் கோட்டுக்காரி இன்னைக்கு வேலைய விட்டுட்டா, முசியே."

"இன்னும் விடல மதாம். நடையில பயம் இருக்கு பாருங்க."

இதுதான் அவர்கள் விளையாட்டு. மதாம் சொன்னது சரி என்று பட்டால் முசியே விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே மதாமுக்கு முகம் மலர்ந்துவிடும். அப்போதும் திரும்பி அவரைப் பார்க்க மாட்டார். அதற்குள் தெருவில் அடுத்த ஆள் வந்துவிடுவாரே!

ஒரு நாள் கிளம்பும்போது மதாம் என் காதருகே வந்தார். "ஞாயித்துக்கெழம முசியேவ வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம்னு இருக்கேன். பேரையும் கேட்டுடப் போறேன்."

"அப்பாடா! போய் இப்பவே கேளுங்க."

"நாளைக்குக் கேக்குறேன். நீ பறக்காத."

மறுநாள் முசியே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

கடைத் தொலைபேசியிலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிட்டோம். பெயர் கேட்டார்கள், தெரியாது. ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். மதாம் சொல்ல ஆரம்பித்தார். "தாடி இருக்கும். வலது காதுல ஒரு மடிப்பு..." அதோடு நின்றுவிட்டது. தெருவில் போன முன்பின் தெரியாதவர்களின் மூக்கையும் புருவத்தையும் கதைகதையாகச் சொல்கிற மனுஷிக்கு, பக்கத்தில் இருந்தவரைப் பற்றி ஒரு காதுதான் சொல்ல முடிந்தது. எனக்கு மதாம்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நான் பார்த்த அடையாளத்தைச் சொன்னேன். பெயரில்லாமல் யார் தேடுவார்கள்?

ஆனாலும் மதாம் தினமும் வந்தார். அந்த நாற்காலியில் கைப்பையை வைத்து யாரையும் உட்கார விடமாட்டார். அந்தப் பையையே முசியே என்று கூப்பிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்.

இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம். நான் காப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மதாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்பப் போனாரே, சக்கர நாற்காலில ஒரு கிழவரு. மழுங்கச் சிரைச்சு, வாய் ஒரு பக்கமா கோணி, பாவம். தள்ளிட்டு வந்த நர்ஸ் இங்கயே நிறுத்தி மூச்சு வாங்கினா. அந்த மனுஷன் என்னையே பாத்துட்டு இருந்தாரு. நான் பையப் பாத்து மெதுவாச் சொன்னேன், 'முசியே, இவரு யாரையோ தேடி வந்திருக்காரு. அவங்களுக்கு இவர அடையாளம் தெரியல'ன்னு. அவரு காதுல விழுந்திருக்கும் போல. நாற்காலிக் கைப்பிடிய விரல் முட்டியால ரெண்டு..."

மதாம் திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

அடுத்த நொடி அவர் எழுந்து ஓடினார். நானும் ஓடினேன். தெருமுனையில் சந்தைக் கூட்டம். சக்கர நாற்காலியை எங்கும் காணோம். ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்தோம். மூச்சு இரைக்கத் திரும்பி வந்து மதாம் தன் நாற்காலியில் விழுந்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்க்கவே இல்லை.

"பஸ்தியான், நீ எதிர்ல நின்னுதான அவருக்குக் காப்பி வைப்ப?"

"ஆமா மதாம்."

"அவருக்குக் கண்ணு என்ன நிறம்?"