குழாயை அடைத்த பாவாடை

சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டது அம்மா இல்லை, அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா. அம்மா விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போய்விடுவாள். இருட்டிய பிறகு வந்து சோறாக்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு அம்மா உண்டு.

கரட்டுச் சரிவில் மேலே எங்கள் காடு, கீழே பெரியப்பாவின் தோட்டம். மலைக்கு அந்தப்புறம் நாள்கணக்கில் கொட்டுகிற மழை எங்கள் பக்கம் பேருக்குத்தான் எட்டிப் பார்க்கும். ஐப்பசியில் ஒருநாள் அடித்துப் பெய்யும், செம்மண்ணை வாரிக்கொண்டு ஓடையில் ஓடிவிடும். எங்களுக்குக் கிணறு கிடையாது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க அப்பா ஒரு குட்டை வெட்டி, அடியில் கறுப்புப் பாலித்தீன் விரித்தார்.

"இது நெறஞ்சா தக்காளி போட்றலாம். உங்கம்மா மலைக்குப் போக வேணாம்" என்றார் என்னிடம்.

பெரியப்பாவின் கிணறு அந்த ஓடையை நம்பித்தான் ஊறும். அவர் சண்டைக்கு வரவில்லை. "தம்பி, பாதிய நீ வச்சுக்க, மீதிய எனக்கு விட்ரு" என்றார். அப்பாவும் சரி என்று குட்டையின் பாதி உயரத்தில் கரைக்குள் ஒரு குழாய் பதித்தார். தண்ணீர் அதுவரை ஏறினால் மிச்சம் தானாக ஓடைக்குப் போய்விடும். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கரை போட்டார்கள், பெரியம்மா கஞ்சி கொண்டுவந்தாள்.

எனக்கு அந்தக் குழாயைக் கண்டாலே ஆகாது. நிறைந்தால்தானே அம்மா வீட்டில் இருப்பாள்? பாதி எப்படி நிறைந்ததாகும்? மழை கறுத்துக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், என் பழைய பள்ளிக்கூடப் பாவாடையைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்து, கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

காலையில் குட்டை தளும்பியது. அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டாள். பெரியப்பா மட்டும் கீழே ஓடையில் நின்றார். மண் நனைந்திருந்ததோடு சரி. அப்பா கரையின் மறுபக்கம் இறங்கிக் குழாயைக் குனிந்து பார்த்தார். நீலத்துணி தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அதை உருவவில்லை.

"அடுத்த மழைக்கு விட்ருவோம்ண்ணே" என்றார்.

பெரியப்பா ஓடையோடு இறங்கித் தன் தோட்டத்துக்குப் போனார். என்னைக் காட்டிக்கொடுக்காத அப்பாவை அன்று நான் எவ்வளவு கொண்டாடினேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த வருஷம் அடுத்த மழை வரவில்லை. எங்கள் தக்காளி காய்த்தது, அம்மா மலைக்குப் போவதை விட்டாள். பெரியப்பாவின் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது, கத்தரிச்செடிகள் நின்ற இடத்திலேயே கருகின. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பள்ளிக்கூடத்தில் விழா என்று ஒருநாள் அம்மா விடியுமுன்னே எழுப்பி எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஜீப்பு ஹாரன் கேட்டு வாசலுக்கு ஓடினேன். கையில் தூக்குவாளியோடு பெரியம்மா வந்துகொண்டிருந்தாள். என்னருகில் நின்று சடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கோணலா இருக்கே ஆத்தா. யாரு பின்னுனது?"

"எங்கம்மா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"வெரசா ஏறுங்கக்கா" என்றார் ஜீப்புக்காரர். அம்மா வழக்கமாக உட்கார்ந்துபோன ஓரத்து இடத்தில் பெரியம்மா ஏறி உட்கார்ந்தாள். நான் பெருமை தாங்காமல் ஜீப்பு மறைகிறவரை கையாட்டினேன்.

திரும்பினால், கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதுதான் மலைக்குப் போக வேண்டியதில்லையே, இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.